வியாபாரியின் மௌனம்

ஒரு கேள்வி இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேலாக மனிதர்களைத் தொந்தரவு செய்துகொண்டு வருகிறது. கேள்வி எளியதுதான். விற்கிறவனுக்குத் தெரிந்த ஒரு விஷயம் வாங்குகிறவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தால் அவன் இந்த விலைக்கு வாங்கமாட்டான். கேட்டால் பொய் சொல்லக்கூடாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கேட்காவிட்டால்? தானாகவே வாயைத் திறந்து சொல்லவேண்டிய கடமை விற்கிறவனுக்கு உண்டா?

இதைத் தெளிவாகக் கேட்டு வைத்தவர் ரோமாபுரியின் சிசரோ. கி.மு. 44-இல், ஆதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தம் மகனுக்கு எழுதும் கடிதமாகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பாகத்தில் ஒரு வியாபாரி வருகிறான். ரோட்ஸ் தீவில் பஞ்சம். தானியத்தின் விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. அலெக்ஸாண்டிரியாவிலிருந்து கப்பல் நிறையத் தானியத்தோடு இவன் வந்து இறங்குகிறான். ஒரு சங்கதி இவனுக்கு மட்டும் தெரியும். இன்னும் பல கப்பல்கள் தானியத்தை ஏற்றிக்கொண்டு இதே ரோட்ஸுக்கு வந்துகொண்டிருக்கின்றன; வழியில் தன் கண்ணாலேயே அவற்றைப் பார்த்திருக்கிறான். அதைச் சொன்னால் விலை விழுந்துவிடும். சொல்லாமல் இருந்தால் வாய்க்கு வந்த விலைக்கு விற்கலாம். இவன் அயோக்கியன் அல்ல, நல்லவன், அதர்மம் என்று தெரிந்தால் செய்யமாட்டான், ஆனால் இது அதர்மம்தானா என்றுதான் அவனுக்குச் சந்தேகம் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார் சிசரோ.

இந்த வழக்கில் இரண்டு ஆசிரியர்கள் எதிரெதிராக நிற்கிறார்கள். ஒருவர் பாபிலோன் நகரத்து டயஜினிஸ். மற்றவர் அவருடைய மாணவரான ஆன்டிபேட்டர். குருவும் சிஷ்யரும் ஒரே தத்துவப் பள்ளியைச் சேர்ந்தவர்கள். ஆனாலும் இந்த விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. சரக்கில் உள்ள குற்றங்களைச் சட்டம் கேட்கிற அளவுக்குச் சொன்னால் போதும் என்கிறார் டயஜினிஸ். பொய் சொல்லவில்லை, மோசடி செய்யவில்லை. மற்றபடி தன் சரக்கை நல்ல விலைக்கு விற்பது வியாபாரியின் உரிமை. ஆன்டிபேட்டர் ஒப்பவில்லை. நீ மனிதர்களோடு சேர்ந்து வாழப் பிறந்தவன். ஊரின் நன்மை உன் நன்மை. தானியம் ஏராளமாக வருகிறது என்ற செய்தியைப் பட்டினி கிடக்கிறவர்களிடமிருந்து எப்படி மறைப்பாய் என்று கேட்கிறார்.

டயஜினிஸின் பதிலைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. மறைப்பது வேறு, சொல்லாமல் இருப்பது வேறு என்கிறார். உங்களுக்குத் தெரிந்தால் நன்மை தரக்கூடிய எத்தனையோ விஷயங்களை நான் சொல்லவில்லை, அவையெல்லாம் மறைத்ததாகுமா? மனிதர்களுக்குள் ஓர் உறவு இருக்கிறது என்றால், அந்த உறவில் எனக்கென்று எதுவுமே இருக்கக் கூடாதா? அப்படியானால் எதையும் விற்கவே கூடாது. எல்லாவற்றையும் தானமாகக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

இந்தப் பதிலுக்குப் பின்னால் உலகத்துக் கடைத்தெருக்கள் அத்தனையும் நிற்கின்றன. நம்மில் யார் கொள்முதல் விலையைச் சொல்லி விற்கிறோம்? அடுத்த தெருவில் இதே சாமான் மலிவாகக் கிடைக்கும் என்று எந்தக் கடைக்காரர் பலகை எழுதி மாட்டுகிறார்? அப்படி மாட்டவில்லை என்பதற்காக அவரை அயோக்கியர் என்று சொல்லிவிட முடியுமா? நியாயமான மௌனம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. எந்த மௌனம் நியாயமானது, எது அல்ல என்பதில்தான் சிக்கல்.

சிசரோ ஆன்டிபேட்டர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னார். சும்மா இருப்பதெல்லாம் மறைப்பதாகாது. ஆனால் எவருக்கு ஒரு விஷயம் தெரியவேண்டுமோ அவருக்கு அது தெரியாமல் இருக்கவேண்டும் என்று, தன் லாபத்துக்காக ஒருவன் விரும்பும்போது அது மறைப்பதாகிறது என்பது அவர் காட்டிய வித்தியாசம்.

அதே நூலில் இன்னொரு கதையும் உண்டு. இதில் வாயால் பொய்யே கிடையாது. கண்ணுக்குக் காட்டிய பொய். கானியுஸ் என்ற ரோமாபுரிக் கனவான் ஓய்வெடுக்க சிராகூஸ் போகிறார். நண்பர்களோடு பொழுதுபோக்க ஒரு தோட்டம் வாங்கவேண்டும் என்று ஆசை. பிதியுஸ் என்ற லேவாதேவிக்காரன், “என் தோட்டம் விலைக்கு அல்ல, ஆனால் உங்கள் சொந்தத் தோட்டம் மாதிரி பாவித்துக்கொள்ளலாம்” என்று விருந்துக்கு அழைக்கிறான். மறுநாள் கானியுஸ் போய்ப் பார்த்தால் தோட்டத்துக்கு எதிரே ஒரே படகுக் கூட்டம். மீனவர்கள் ஒவ்வொருவராக மீனைக் கொண்டுவந்து பிதியுஸின் காலடியில் கொட்டுகிறார்கள். “சிராகூஸில் கிடைக்கிற மீனெல்லாம் இங்கேதான்” என்கிறான் பிதியுஸ். கானியுஸ் கெஞ்சிக் கூத்தாடி, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிவிடுகிறார். அடுத்த நாள் நண்பர்களை அழைத்து வந்தால் ஒரு துடுப்பைக்கூடக் காணோம். இன்றைக்கு மீனவர்களுக்கு விடுமுறையா என்று அண்டை வீட்டுக்காரரைக் கேட்கிறார். “இங்கே யாரும் மீன் பிடிக்கிற வழக்கமே இல்லையே! நேற்றைக்குத்தான் என்ன நடக்கிறதென்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது” என்கிறார் அவர்.

கானியுஸுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட மோசடிக்குப் பரிகாரம் சட்டத்தில் இல்லை. சிசரோவின் நண்பரும் கி.மு. 66-இல் அவரோடு நீதிப் பதவி வகித்தவருமான அக்விலியுஸ்தான் பிற்பாடு அந்த வழியைத் திறந்துவைத்தார். வெளியே ஒன்றைக் காட்டி உள்ளே வேறொன்றைச் செய்வதே மோசடி என்பது அவர் சொன்ன இலக்கணம். கானியுஸ் ஏமாந்தது முதலில், சட்டம் வந்தது பிறகு. சட்டங்களின் சரித்திரம் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நடந்திருக்கிறது.

ரோட்ஸ் வியாபாரியின் வழக்கு கற்பனை. அதே வழக்கு ஒரு நாள் நிஜமாகவே கோர்ட்டுக்கு வந்தது. 1815-ஆம் வருஷம். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் யுத்தம். பிரிட்டிஷ் கப்பல்கள் துறைமுகத்தை மறித்து நின்றதால் நியூ ஆர்லியன்ஸில் புகையிலை விலைபோகாமல் கிடந்தது. 1814 டிசம்பர் 24-ஆம் தேதியே கென்ட் நகரில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. தந்தி இல்லாத காலம். செய்தி கடலைக் கடந்து வரவேண்டும். பிப்ரவரி 19-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஆர்கன் என்ற வியாபாரிக்கு அது மற்றவர்களுக்கு முன்னால் எட்டிவிட்டது. சூரியன் கிளம்பினதும் அவர் லெய்ட்லா கம்பெனியாரிடம் போய் 111 பீப்பாய்ப் புகையிலைக்கு விலை பேசி முடித்துவிட்டார். விலையைப் பாதிக்கக்கூடிய செய்தி ஏதாவது உண்டா என்று அவர்கள் கேட்டார்கள். அவர் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றைக்கே செய்தி ஊரெல்லாம் பரவி, புகையிலை விலை நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது வரை ஏறிவிட்டது.

வழக்கு அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டுவரை போயிற்று. 1817-இல் பிரதம நீதிபதி மார்ஷல் கொடுத்த தீர்ப்பு மிகவும் சுருக்கமானது. வெளியிலிருந்து வருகிற செய்தி இரு தரப்பாரும் முயன்றால் அறியக்கூடியது. அதை மற்றவருக்குச் சொல்லவேண்டிய கடமை சட்டத்தில் இல்லை. ஆனால் மற்றவரை ஏமாற்றும்படியாக எதையும் பேசவோ செய்யவோ கூடாது. அப்படி ஏதாவது நடந்ததா என்பதை ஜூரிகள் தீர்மானிக்கட்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

டயஜினிஸ் ஜெயித்தாரா, ஆன்டிபேட்டர் ஜெயித்தாரா? சட்டத்தில் டயஜினிஸ் ஜெயித்தார் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அந்தத் தீர்ப்பு அப்படியே ரோட்ஸ் தீவுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. புகையிலை விஷயத்தில் இரண்டு பக்கமும் வியாபாரிகள். இருவருக்கும் காது உண்டு, ஆள் உண்டு, கையில் முதல் உண்டு. ஒருவர் சீக்கிரம் எழுந்து செய்தி சேகரித்தார், மற்றவர் சேகரிக்கவில்லை. சேகரித்த செய்தியால் கொஞ்சமும் லாபம் இல்லை என்று ஆகிவிட்டால், யாரும் சிரமப்பட்டு எதையும் தெரிந்துகொள்ளமாட்டார்கள். ஆகவே, சமமானவர்களுக்கு இடையே மௌனம் ஆட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். (கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றது அதற்குள் அடங்குமா என்பது வேறு கேள்வி. மார்ஷலே அதைத் திறந்துதான் வைத்தார்.)

ரோட்ஸில் வாங்குகிறவன் வியாபாரி அல்ல, பசித்தவன். வீட்டில் இருந்த பாத்திரத்தையோ நகையையோ விற்றுப் பணம் கொண்டுவருகிறவன். இனி எப்போது தானியம் வருமோ என்ற பயம் அவனைத் துரத்துகிறது. அந்தப் பயத்தால்தான் ஒன்றுக்கு நாலு கொடுக்கிறான். ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்பது எதிரே நிற்கிற வியாபாரிக்குத் தெரியும். அவன் வாங்குகிற விலையில் ஒரு பாகம் தானியத்துக்கு. மிச்சமெல்லாம், ‘இனி வராது’ என்ற தவறான எண்ணத்துக்கு. அந்த எண்ணத்தை அவன் உண்டாக்கவில்லை என்பது வாஸ்தவம்தான். ஆனால் அதைத் தராசில் வைத்து விற்கிறானே! உண்மைச் சரக்கோடு பொய்ச் சரக்கையும் சேர்த்து நிறுத்து விலை வாங்கினால், வாய் மூடி இருந்தது ஒரு சமாதானம் ஆகுமா?

நம் வீட்டுப் பக்கமாகவே இதைத் திருப்பிப் பார்க்கலாம். சிசரோ சொன்ன மற்றோர் உதாரணம், குடியிருக்க லாயக்கில்லாத ஒரு வீடு. அதன் குறைகள் உடையவனுக்கு மட்டும் தெரியும். நமக்கு அந்த வீடு அந்நியமானதல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்ற வீடு. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் ஒரு கோடு நிற்கிறது. வெள்ளையடித்து, தரையைத் துடைத்து, பங்குனியில் வீட்டை விற்க வருகிறார் உடையவர். வாங்க வருகிறவர் காற்று வருமா, கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்குமா என்று கேட்கிறார். வெள்ளம் வருமா என்று கேட்கத் தோன்றவில்லை. பங்குனி வெயிலில் யாருக்குத்தான் தோன்றும்? உடையவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வெள்ளைதான் அடித்தார். ஆனால் அந்த வெள்ளை பிதியுஸின் படகுகள் செய்த வேலையைத்தான் செய்கிறது. கல்யாணத்துக்கு ஆயிரம் பொய் சொல்லலாம் என்று பழமொழி வைத்திருக்கும் நாம், வீட்டு விற்பனைக்கு ஒரு மௌனம் போதாதா என்று நினைத்துக்கொள்கிறோம். விற்கிறவன் என்று ஒரு தனி ஜாதி கிடையாது. ஒரு பழைய வண்டியையோ வீட்டையோ மாட்டையோ விற்கிற அன்றைக்கு நாம் எல்லோருமே அந்த ஜாதிதான்.

இங்கே ஒரு கட்சிக்காரர் குறுக்கிடுவார். “ஏமாறுகிறவன் இருக்கிறவரையில் ஏமாற்றுகிறவன் இருக்கத்தான் செய்வான். விழித்துக்கொண்டிருக்க வேண்டியது வாங்குகிறவன் பொறுப்பு” என்பார். இது வெறும் திண்ணைப் பேச்சு அல்ல. ரொம்ப காலம் சட்டமாகவே இருந்தது. 1930-ஆம் வருஷத்து இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவும், சில விலக்குகளோடு, இந்தக் கொள்கையின்மேல்தான் நிற்கிறது. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து, துணியைக் கையால் தடவிப் பார்த்து வாங்கின காலத்தில் அது ஓரளவு நியாயமாகவும் இருந்தது. மருந்துக் குப்பியின் உள்ளே இருப்பதை எந்தக் கண் பார்க்கும்? சிமெண்டில் எத்தனை சாம்பல் கலந்திருக்கிறதென்று எந்தக் கை தடவிச் சொல்லும்? பார்த்து வாங்க முடியாத சரக்கை நம்பித்தான் வாங்கவேண்டும். நம்புவதைக் குற்றமாக்கிவிட்டால் யாரும் எதையும் வாங்க முடியாது.

இந்த விஷயத்தில் 1937-இல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்த ஒரு வழக்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. கலைக்களஞ்சியம் விற்கும் ஒரு கம்பெனி. அதன் ஏஜெண்டுகள் வீடு வீடாகப் போய், “ஊரில் பெயர் பெற்றவர்கள் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறோம், அவர்களில் தாங்களும் ஒருவர். புத்தகங்கள் முழுவதும் இலவசம். பத்து வருஷத்துக்கு அவ்வப்போது அனுப்பப் போகிற புதிய தாள்களுக்கு மட்டும் 69 டாலர் 50 சென்ட் கொடுத்தால் போதும்” என்பார்கள். உண்மையில் அந்தத் தொகைதான் புத்தகங்களுக்கும் தாள்களுக்கும் சேர்த்து வழக்கமான விலை. எல்லோரையும்தான் தேர்ந்தெடுத்தார்கள்! இவ்வளவு அசட்டுத்தனமான பேச்சை யார் நம்புவார்கள், இதற்கு ஒரு தடை உத்தரவு எதற்கு என்று கீழ்க் கோர்ட்டு கருதிற்று. சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி பிளாக் அதை மாற்றினார். சந்தேகப் பேர்வழிகளை மட்டுமல்ல, நம்புகிறவர்களையும் காப்பாற்றுவதற்குத்தான் சட்டம் என்பது அவருடைய தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பு ஏமாந்தவனுக்காக மட்டும் சொன்னதல்ல. யோக்கியமான புத்தக வியாபாரி ஒருவன் அதே தெருவில் உண்மை விலையைச் சொல்லி விற்க முயல்கிறான். இலவசம் என்று பொய் சொல்லுகிறவன் முன்னால் போய்விட்டால் பின்னால் வருகிறவன் கதி என்ன? நாளடைவில் அவனும் பொய் சொல்லவேண்டும், அல்லது கடையைக் கட்டவேண்டும். அமெரிக்காவில் 1914-இல் வாணிக கமிஷன் ஏற்பட்டபோது, வியாபாரிக்கும் வியாபாரிக்கும் நடுவே நடக்கும் அநியாயப் போட்டியைத் தடுப்பதுதான் அதன் முக்கிய வேலையாக இருந்தது. 1938-இல்தான் வாங்குகிறவரை ஏமாற்றும் செயல்களையும் தனியே சேர்த்து விலக்கினார்கள். மோசடிச் சட்டம் வியாபாரிக்கு விரோதமானது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். யோக்கியன் யோக்கியனாகவே இருந்து பிழைப்பதற்கு அது ஒரு வேலி. பிறர் பொருளையும் தம்முடையதைப் போல எண்ணிப் பேணுவதே வாணிகம் என்று வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில் சொன்னார். பொருளையோ ஈகையையோ பற்றிய அதிகாரத்தில் சொல்லவில்லை. தராசின் இரண்டு தட்டுகளும் அவருக்குக் கண்முன் நின்றிருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது பொய்யும், பொய்யான மௌனமும். இனிமேல்தான் கஷ்டமான பாகம். மறைப்பதற்கு ஒன்றுமே இல்லாமல், பட்டப்பகலில், விலையைப் பலகையில் எழுதிப் போட்டுக்கொண்டு, ஆபத்தில் இருப்பவனிடம் நாலு மடங்கு கேட்டால் அது மோசடியா?

2004 ஆகஸ்டு 13-ஆம் தேதி சார்லி என்ற சூறாவளி ஃபுளோரிடாவைத் தாக்கிற்று. கடும் கோடை, மின்சாரம் இல்லை. இரண்டு டாலருக்கு விற்ற ஐஸ் மூட்டைக்குப் பத்து டாலர் கேட்டார்கள். நாற்பது டாலர் விடுதி அறைக்கு, வயதான ஓர் அம்மாளிடம் 160 டாலர் வாங்கினார்கள். அந்த ராஜ்யத்தில் 1992 முதலே இதைத் தடுக்கும் சட்டம் இருந்தது. அந்த வருஷத்து ஆண்ட்ரூ சூறாவளி கற்பித்த பாடம் அது. அரசாங்கம் வழக்குகள் போட்டது. உடனே அந்நாட்டுப் பொருளாதார அறிஞர்கள் சிலர் இந்தச் சட்டமே தவறு என்று எழுதினார்கள்.

அவர்கள் வாதத்தை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். விலை ஏறினால், தூரத்து ஊர்க்காரன் லாரியில் ஐஸை ஏற்றிக்கொண்டு ஓடி வருவான். விலை ஏறினால், முதலில் வந்தவன் பத்து மூட்டையை வாரிக்கொண்டு போகமாட்டான்; பின்னால் வருகிறவனுக்கும் மிஞ்சும். ‘நியாய விலை’ என்று எதைச் சொல்வது? நேற்றைய விலைக்கு என்ன தெய்வீக உரிமை? வாங்குகிறவன் சம்மதித்துத்தானே வாங்குகிறான்?

இதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை. பாலம் உடைந்து, சாலை முழுகிக் கிடக்கிற முதல் மூன்று நாளில், விலை எவ்வளவு ஏறினாலும் லாரி பறந்து வராது. அந்த நாட்களில் ஏறுகிற விலை சரக்கைப் பெருக்குவதில்லை. இருக்கிற சரக்கு யார் கைக்குப் போகும் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. ஐஸ் தேவைப்படுகிறவன் ஒருவன் மருந்து கெடாமல் வைத்துக்கொள்வதற்காகக் கேட்கலாம். இன்னொருவன் பானத்தில் போட்டுக் குடிப்பதற்காகக் கேட்கலாம். விலைக்கு அவசியம் தெரியாது. மடிசீலையின் கனம்தான் தெரியும். ஒருவனே வாரிக்கொண்டு போவதைத் தடுக்க, ஆளுக்கு ஒன்றுதான் என்று சொல்கிற கடைக்காரர்களை நாம் பார்த்ததில்லையா? அதற்கு நாலு மடங்கு விலை வேண்டாம்.

லாரிக்காரனுக்கு ஏற்பட்ட அதிகச் செலவை என்ன செய்வது? இதற்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. நார்த்ரிட்ஜ் பூகம்பம் நடந்த 1994-ஆம் வருஷத்திலேயே கலிபோர்னியாவில் ஒரு சட்டம் செய்தார்கள். ஆபத்துக் காலம் என்று அறிவித்தபின் முப்பது நாளைக்கு, முன்பிருந்த விலைக்கு மேல் நூற்றுக்குப் பத்துக்கு அதிகமாக ஏற்றக்கூடாது. வீடு பழுது பார்ப்பது போன்ற வேலைகளுக்கு 180 நாள். ஆனால் வியாபாரிக்கு உண்மையாகவே கொள்முதலும் கூலியும் ஏறியிருந்தால் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே சட்டம் கை வைப்பது உழைப்பின்மேல் அல்ல, செலவின்மேலும் அல்ல. அண்டை வீட்டுக்காரனின் பயத்திலிருந்து மட்டும் பிறந்த அந்த மிச்சத்தின்மேல்.

சம்மதம் என்ற சொல்லுக்கு வருவோம். ஒரு வியாபாரத்தை நியாயமாக்குவது இரண்டு பேருடைய சம்மதம். பொய் அந்தச் சம்மதத்தைக் கெடுக்கிறது. ஏனென்றால் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடுகிறது. பேராபத்தும் அதைக் கெடுக்கிறது. வேண்டாம் என்று சொல்லும் வழி அடைபட்டுப்போகிறது. வேண்டாம் என்று சொல்ல முடியாதவனுடைய ‘சரி’க்கு என்ன மதிப்பு? ஃபுளோரிடாவில் இந்த விலைச் சட்டத்தை மோசடித் தடுப்போடு ஒரே அத்தியாயத்தில் வைத்திருப்பது, யோசித்துப் பார்த்தால், பொருத்தமாகவே இருக்கிறது. ஒன்று கண்ணைக் கட்டுகிறது. மற்றொன்று காலைக் கட்டுகிறது.

தவிரவும், பேராபத்தில் இரண்டும் கைகோத்துக்கொண்டுதான் வருகின்றன. 1889-இல் தொடங்கி இன்ஃபுளுவென்ஸா கொள்ளைநோய் உலகத்தைச் சுற்றியபோது, லண்டனில் ஒரு கம்பெனி புகையுருண்டை ஒன்றை விற்றது. அதைத் தினம் மூன்று தடவை இரண்டு வாரம் உபயோகித்த பிறகும் அந்த நோய் வந்தால் நூறு பவுன் தருவதாகவும், நம்பிக்கைக்கு அடையாளமாக ஆயிரம் பவுனை பாங்கியில் போட்டிருப்பதாகவும் 1891-இல் விளம்பரம் செய்தது. கார்லில் அம்மாள் முறைப்படி உபயோகித்தார், நோய் வந்தது, பணம் கேட்டார். அது சும்மா விளம்பரத்துக்குச் சொன்னது என்றது கம்பெனி. 1892 டிசம்பரில் அப்பீல் கோர்ட்டு, சொன்னது சொன்னதுதான், பணத்தைக் கொடு என்றது. பயந்தவன் காதில் எந்த வார்த்தையும் சத்தியமாகவே விழும். அதைத் தெரிந்துகொண்டு பேசியவன் பிறகு விளையாட்டுக்குச் சொன்னேன் என்று தப்பிக்கக் கூடாது.

நம் ஊரிலும் இதையெல்லாம் பார்த்துவிட்டோம். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு கரை புரண்டு சென்னையில் வீடுகள் முழுகினபோது, பால் பாக்கெட் நூறு ரூபாய் வரை விற்றது என்று பத்திரிகைகள் எழுதின. பொட்டலத்தில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது 2011-ஆம் வருஷத்து விதிகளின்படியே குற்றம். குழந்தை அழும்போது எந்தத் தகப்பன் விதி எண்ணைப் பேசிக்கொண்டிருப்பான்? அதே நாட்களில் மீனவக் குப்பங்களிலிருந்து படகுகளை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய், முன்பின் தெரியாதவர்களை மீட்டுக் கரை சேர்த்தவர்களும் உண்டு. படகுக்குக் கிராக்கி அன்றைக்குப் பாலைவிட அதிகம். பொருளாதாரக் கணக்கின்படி அவர்கள் எவ்வளவோ கேட்டிருக்கலாம்.

2020-இல் கொரோனா வந்தபோது மூக்குத் துணியும் கை கழுவும் மருந்தும் மறைந்து, விலை பறந்தது. மார்ச் 13-ஆம் தேதி சர்க்கார் அவற்றை 1955-ஆம் வருஷத்து அத்தியாவசியப் பொருள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. அடுத்த வாரமே மூன்றடுக்கு முகக்கவசம் பத்து ரூபாய், 200 மில்லி லிட்டர் மருந்து நூறு ரூபாய் என்று உச்ச விலை வைத்தது. ஜூன் கடைசிவரை என்று தவணையும் குறித்தது.

தவணை குறித்தது முக்கியம். கட்டுப்பாட்டின் மறுபக்கமும் நம் ஜனங்களுக்குத் தெரியும். இரண்டாம் உலக யுத்த காலத்து ரேஷனையும் கறுப்பு மார்க்கெட்டையும் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்காத வீடு உண்டா? விலையை நெருக்கிப் பிடித்து, வருஷக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருந்தால், சரக்கு கடையின் முன் வாசலை விட்டுப் பின் வாசலுக்குப் போய்விடும். பிறகு வியாபாரியின் பேராசையோடு அதிகாரியின் பேராசையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே பொருளாதார அறிஞர்கள் சொன்னது நீண்ட காலத்துக்குச் சரி. முதல் சில வாரங்களுக்குத் தவறு. ஆபத்து எவ்வளவு நாளோ அவ்வளவு நாளைக்கு மட்டும் சட்டம் குறுக்கே நிற்கவேண்டும்.

சட்டம் வேறொரு காரியமும் செய்யமுடியும். அது யோசிக்க அவகாசம் கொடுப்பது. அமெரிக்காவில் 1974 முதல், வீட்டு வாசலில் வந்து விற்றவனிடம் செய்த ஒப்பந்தத்தை மூன்று வேலை நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு விதி இருந்து வருகிறது. புயலுக்கு மறுநாள், கூரையைப் பார்த்துக் கண் கலங்கி நிற்பவரிடம், “இன்றைக்கே முன்பணம் கொடுத்தால்தான் ஆள் வரும்” என்று அவசரப்படுத்துகிறவர்கள் எந்தத் தேசத்திலும் உண்டு. இரண்டு இரவு தூங்கி எழுந்தால் மனிதனுக்குப் பயம் தெளிகிறது. தெளிந்த புத்தியோடு மறுபடி பார்க்கட்டும் என்பது நல்ல ஏற்பாடுதான்.

நம் நாட்டில் 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2019-இல் அதற்குப் பதிலாக வேறொன்று நிறைவேறி, 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதில் சேவைக் குறைபாடு என்பதன் விளக்கத்தில், தெரிவிக்கவேண்டிய செய்தியை வேண்டுமென்றே தெரிவிக்காமல் இருப்பதையும் சேர்த்திருக்கிறார்கள். ஆன்டிபேட்டரின் கட்சி இரண்டாயிரம் வருஷம் கழித்துப் புதுடில்லியில் ஒரு பிரிவாக அச்சேறிவிட்டது.

ஆயினும் ஆன்டிபேட்டர் கேட்ட அளவுக்கு எந்தச் சட்டமும் கேட்கமுடியாது. ‘வேண்டுமென்றே’ மறைத்தான் என்பதைக் கோர்ட்டில் ருசுப்படுத்த வேண்டும். வெள்ளையடித்த சுவருக்குள் என்ன எண்ணம் இருந்தது என்று எந்த வக்கீல் காட்டுவார்? சட்டம் பொய்யைப் பிடிக்கும். சில வேளை மௌனத்தையும் பிடிக்கும். மௌனத்துக்குப் பின்னால் இருக்கிற விருப்பத்தை அந்த மனிதன் ஒருவன்தான் பிடிக்கமுடியும். அதற்கு அவன் தன்னையே கேட்டுக்கொள்ளக்கூடிய கேள்வி கஷ்டமானது அல்ல. நாளைக்கு இந்த உண்மை வெளிப்பட்டு, எனக்கு இது முன்பே தெரியும் என்பதும் வெளிப்பட்டால், வாங்கினவர் என்னைச் சாமர்த்தியசாலி என்பாரா, அல்லது நம்பி மோசம் போனேன் என்பாரா? புகையிலை வியாபாரிகள் முதலாவதைச் சொல்லிவிட்டு அடுத்த பேரத்துக்குப் போகக்கூடும். ரோட்ஸில் பாத்திரத்தை விற்றுத் தானியம் வாங்கினவனும், வெள்ளம் வருகிற வீட்டில் குழந்தைகளோடு குடியேறினவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

எல்லாவற்றையும் தானமாகக் கொடுத்துவிட வேண்டுமா என்று டயஜினிஸ் கேட்டார் அல்லவா? வேண்டாம். விற்கலாம், லாபமும் வைக்கலாம், பஞ்ச காலத்தில் முதலில் வந்து சேர்ந்ததற்காக ஒரு காசு கூடவே வாங்கலாம். கடலில் உயிரைப் பணயம் வைத்துத் தானியம் கொண்டுவந்தவனுக்கு அந்தக் கூலியை யாரும் மறுக்கமாட்டார்கள். “இன்னும் கப்பல்கள் வருகின்றன, இன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவன் தராசை எடுக்கட்டும்.